கீசரில் உப்பு படிவது ஏன்? ஒரு சிட்டிகை பாலிமர் அதை எப்படித் தடுக்கிறது?

போன வருடம் எங்கள் வீட்டில் கீசர் நின்றுபோனது. பெங்களூரில், பெரும்பாலும் போர்வெல்லை நம்பி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. பார்க்க வந்த மெக்கானிக் அண்ணா அடிமூடியைக் கழற்றி காயிலை வெளியே இழுத்தபோது காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், விரல் தடிமனுக்கு ஒரு ஓடு அதை மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டித்தான் பெயர்க்க முடிந்தது. "போர் தண்ணிதானே, உப்பு ஏறிடுச்சு. இந்த ஏரியாவுல எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்றார்.

கதை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு காயில் படங்கள் இருந்தன. கொஞ்ச நாளில் ஒரு விற்பனையாளர் வந்தார். குளியலறைகளுக்குப் போகும் லைனில் ஒரு சின்ன டோசிங் பம்ப் வைத்து, லிட்டருக்கு 3 மில்லிகிராம் 'ஆன்டிஸ்கேலன்ட்' செலுத்தினால் போதும் என்றார். ஒரு மாதம் சோதனையாக ஓட்டினார்கள். சங்கத்தின் பொருளாளர் அங்கிள் கெட்டிக்காரர். டெஸ்ட் கிட் வாங்கி, பம்புக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தார். முன்பு 400. பின்பும் 400. "சுத்த ஏமாத்து வேலை" என்று குழுவில் பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள்.

எண்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் நானும் முதலில் அந்தப் பக்கம்தான் நின்றேன். பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது: அந்த எண் மாறக் கூடாது. மாறாமல் இருந்தால்தான் அந்தச் சரக்கு சொன்ன வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

அந்த வெள்ளை ஓடு எங்கிருந்து வருகிறது?

நாம் 'உப்பு' என்று சொன்னாலும், காயிலில் ஒட்டியிருப்பது சமையல் உப்பு அல்ல. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், சிப்பி, முட்டை ஓடு எல்லாம் இதே பொருள்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. அந்த நீர் பாறையில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போர்வெல்லுக்கு வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் 400 இரண்டுக்கும் நடுவில்.

தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. கால்சியம் நீரில் பைகார்பனேட்டோடு சேர்ந்து அமைதியாக இருக்கும். சூடு ஏறினால் பைகார்பனேட் உடைந்து, கரியமில வாயு வெளியேறி, கார்பனேட் மிஞ்சுகிறது. சர்க்கரை வெந்நீரில்தான் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடு கூடக்கூட குறைவாகத்தான் கரையும். ஆக, கீசருக்குள்ளேயே அதிகம் சூடான இடமான காயில் மேல்தான் அது போய் உட்காரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு குடும்பம் தினமும் 100 லிட்டர் வெந்நீர் பயன்படுத்துகிறது, கடினத்தன்மை 400 என்றால், நாளொன்றுக்கு 40 கிராம். வருடத்துக்கு 14.6 கிலோ சுண்ணாம்புச் சரக்கு அந்த கீசர் வழியாகப் போகிறது. அத்தனையும் படிவதில்லை, மிகப் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். நூற்றில் ஐந்து பங்கு தங்கினாலே முக்கால் கிலோவுக்கு அருகில். மெக்கானிக் அண்ணா தட்டி எடுத்தது ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

(உப்பு படிந்தால் கரன்ட் பில் எகிறும் என்று விளம்பரங்கள் சொல்வது கீசரைப் பொறுத்தவரை பாதி உண்மைதான். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் சூடு, ஓட்டைத் தாண்டி மெதுவாகவாவது தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். ஆனால் கால்சியம் கார்பனேட் வெப்பத்தைக் கடத்துவது தாமிரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் ஓட்டுக்குள் மாட்டிய காயில் தானே கொதித்துக் கருகிவிடுகிறது. ஆலைகளின் கொதிகலன்களில் நிலைமை வேறு. அங்கே ஏற்காத சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும், எரிபொருள் நிஜமாகவே வீண்.)

3 மில்லிகிராம் எப்படிப் போதும்?

கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது எளிதாகப் புரியும். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. வரவுக்குச் செலவு. பிடிக்க இடம் தீர்ந்ததும் மூட்டை மூட்டையாக உப்பு கரைத்து ஊற்றி அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆன்டிஸ்கேலன்ட் அப்படி இல்லை. அதில் பொதுவாக இருப்பது பாலிஅக்ரிலேட் மாதிரியான ஒரு பாலிமர். பாலிமர் என்றால் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒன்று, மல்லிகைச் சரம் மாதிரி. இந்தச் சரத்தில் ஒவ்வொரு பூவிலும் ஒரு கார்பாக்சில் குழு தொங்குகிறது. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் பிஹெச் அளவில் அவற்றில் பெரும்பாலானவை நெகடிவ் மின்சுமையோடு இருக்கும். கால்சியம் அயனுக்குப் பாசிடிவ் சுமை. இரண்டும் ஈர்க்கும்.

சரி, ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம், பாலிமர் வெறும் 3 மில்லிகிராம். இரண்டையும் அணு எடையை வைத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு கார்பாக்சில் குழுவுக்குச் சுமார் 95 கால்சியம் வருகிறது. ஒரு கால்சியத்தின் சுமையைச் சரிக்கட்டவே இரண்டு கார்பாக்சில் தேவை. மூலக்கூறு எடை 2,000 உள்ள ஒரு முழுச் சரத்தை எடுத்தால், அதில் 28 பூக்கள்தான். எதிரே நிற்பவை 2,600-க்கும் மேற்பட்ட கால்சியம். எல்லாவற்றையும் பிடித்து வைப்பது நடக்காத காரியம்.

இந்தப் புதிரை 1930-களிலேயே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் அப்போது 'கால்கான்' என்ற பெயரில் ஒரு பாஸ்பேட் பொடி வந்தது. கால்சியம் போயே போச்சு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதுவும் ஒரு சங்கிலிதான், கார்பாக்சிலுக்குப் பதில் பாஸ்பேட். ஆரம்பத்தில் கால்சியத்தை ஒவ்வொன்றாகக் கட்டிப்போடத் தேவையான அளவு, அதாவது நிறைய, போட்டார்கள். பிறகு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போட்டாலே படிவு நிற்பதைக் கண்டார்கள். 1939-ல் ஹாட்ச், ரைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். இந்தத் துறையில் இன்றும் இதற்கு 'த்ரெஷோல்டு எஃபெக்ட்' என்றுதான் பெயர்.

அவர்கள் கண்ட விடை இதுதான்: பாலிமர் கரைந்திருக்கும் கால்சியத்தோடு மல்லுக்கட்டவில்லை. படிகம் எந்த இடத்தில் வளருமோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கொத்தனார் கல் வைக்கும் இடம்

படிகம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பிக்கொண்டு வளர்வதில்லை. சுவர் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் அடுத்த செங்கல்லை எங்கே வைக்கிறார்? பாதியில் நிற்கும் வரிசையின் முனையில். அங்கே கல்லுக்குக் கீழேயும் பக்கத்திலேயும் பிடிப்பு இருக்கிறது. மொட்டையான பரப்பின் நடுவில் தனியாக ஒரு கல்லை வைத்தால் நிற்காது. படிகத்தின் பரப்பிலும் அணு உயரத்துக்குப் படிகள் உண்டு. படியின் ஓரத்தில் சின்னச் சின்ன மூலைகள் உண்டு. புதிய அயன்கள் அந்த மூலைகளில்தான் வந்து சேர்கின்றன, படி முன்னே நகர்கிறது. வரிசை முடிந்துபோனால் வளர்ச்சி எப்படித் தொடர்கிறது என்ற கேள்விக்கு, அது சுருள் படிக்கட்டு போலச் சுற்றிக்கொண்டே போகும் என்று 1949-ல் சார்லஸ் ஃபிராங்க் பதில் சொன்னார்.

ஒரு படிகப் பரப்பில் இந்த மூலைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவற்றை அடைக்க டன் கணக்கில் சரக்கு வேண்டாம். பாலிமர் சரம் ஒன்று படியின் ஓரத்தில் குறுக்கே விழுந்து, தன் பல நெகடிவ் கைகளால் பரப்பில் உள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒரு கை விட்டாலும் மற்ற கைகள் விடாது. தனி மூலக்கூறைவிடச் சங்கிலி வலுவாக வேலை செய்வதற்கு இதுதான் காரணம். நகர்ந்து வரும் படி அந்தச் சரத்தில் இடித்து நிற்கிறது, இரண்டு சரங்களுக்கு நடுவில் வளைந்து வெளியேறப் பார்க்கிறது. சரங்கள் போதிய நெருக்கத்தில் இருந்தால் வளையவும் முடியாது, வளர்ச்சி நின்றுவிடும். கப்ரேரா, வெர்மில்யா இருவரும் 1958-ல் சொன்ன இந்த விளக்கத்தைப் பிற்பாடு அணுவிசை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தார்கள்.

முற்றிலும் நிறுத்த முடியாவிட்டாலும் வடிவம் கெட்டுப்போகும். கூர்மையான ஓரங்களோடு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கால்சைட் படிகங்களுக்குப் பதிலாக உருண்டையும் திரளையுமாக, ஒட்டும் திறன் குறைந்த துகள்கள் வருகின்றன. அந்தத் துகள்களின் மேலும் பாலிமர் போர்த்திக்கொள்வதால் எல்லாத் துகளுக்கும் நெகடிவ் சுமை. ஒரே சுமை கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். சேர்ந்து கட்டியாகாமல் தண்ணீரில் மிதந்து, குழாயைத் திறந்தால் வெளியே போய்விடும்.

கால்சியம் எங்கும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே தண்ணீரில்தான் இருக்கிறது. பொருளாளர் அங்கிளின் கிட் 400 காட்டியது அதனால்தான். சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுப்பு மாறாது, வாளியில் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் இருக்கும். பாலிமர் வாங்கித் தருவது அவகாசம் மட்டும்தான். இயல்பாகச் சில நிமிடங்களில் படிந்திருக்க வேண்டியது சில மணி நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் தண்ணீர் வெளியேறிவிட்டால் வெற்றி. கீசரை நாள் முழுக்க ஆன் செய்து வைத்து, தண்ணீரைத் திறக்காமலே விட்டால் அவகாசம் தீர்ந்துவிடும்.

அதே கெமிஸ்ட்ரி, எதிர் வேலை

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. பாலிஅக்ரிலேட் சரத்தின் எடை 2,000 முதல் 5,000 வரை இருந்தால் துகள்களைப் பிரித்து வைக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, அக்ரிலமைடு கலந்த சரத்தை ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று நீட்டிவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடும். ஒரு முனை ஒரு துகளில், நடுப்பகுதி இன்னொன்றில், மறு முனை மூன்றாவதில். துகள்கள் பஞ்சுப் பொதியாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். கழிவுநீர் நிலையங்களில் சேற்றைப் பிரிக்கப் போடுவது இந்த நீளமான வகை. அதையே அளவுக்கு மீறிப் போட்டால், ஒவ்வொரு துகளும் முழுக்கப் போர்த்திக்கொண்டு மறுபடியும் பிரிந்து மிதக்கத் தொடங்கும்.

நம் ஊரில் இதற்குப் பழைய உதாரணம் உண்டு. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கலித்தொகையிலேயே இதை வைத்து ஓர் உவமை வருகிறது. அந்தக் கொட்டையில் இருப்பதும் மின்சுமை கொண்ட இயற்கைப் பாலிமர்கள்தான், துகள்களுக்கு இடையே பாலம் போடுகின்றன. முருங்கை விதையும் தெளிய வைக்கும், ஆனால் அதில் உள்ள புரதம் பாசிடிவ். நெகடிவாக இருக்கும் களிமண் துகள்களின் சுமையைச் சரிக்கட்டி அவற்றை ஒன்றுசேர்க்கிறது.

பிரித்து வைக்கும் வகையை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். துணி துவைக்கும் பவுடரில் சோடா சாம்பல் உண்டு. கடின நீரில் அது கால்சியத்தோடு சேர்ந்து துணியிலேயே கார்பனேட்டாகப் படிந்து, நாலு சலவையில் டிஷர்ட்டை விறைப்பாக்கிவிடும். கொஞ்சம் பாலிமர் சேர்த்தால் அந்தப் படிவும், துணியிலிருந்து வந்த மண்ணும் தண்ணீரிலேயே மிதந்து போய்விடும். உங்கள் அபார்ட்மென்ட் கட்டப்பட்டபோது கான்கிரீட்டில் கலந்த அட்மிக்சரிலும் பாலிகார்பாக்சிலேட் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். சீப்பு மாதிரியான அமைப்பு அதற்கு. நெகடிவ் முதுகெலும்பு சிமென்ட் துகளில் ஒட்டும், பற்கள் வெளியே நீட்டி அடுத்த துகளை நெருங்கவிடாது. குறைந்த தண்ணீரிலேயே கலவை ஓடும், அதனால் காய்ந்த பிறகு வலு கூடும். பெயின்ட், காகிதப் பூச்சு என்று பட்டியல் நீளும், விட்டுவிடுகிறேன்.

ஆர்.ஓ. கொட்டும் தண்ணீர்

காயில் கருகினால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். விஷயம் நிஜமாகவே பெரிதாவது ஆர்.ஓ.வில்.

ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரை மட்டும் அந்தப் பக்கம் விடும். உப்பு எல்லாம் இந்தப் பக்கம் மிஞ்சும். 100 லிட்டரில் 50 லிட்டரை நல்ல நீராக எடுத்தால் மிச்சத்தின் அடர்த்தி இரண்டு மடங்கு. 75 எடுத்தால் நான்கு மடங்கு. 90 எடுத்தால் பத்து மடங்கு. 300 கடினத்தன்மை உள்ள நீர் 75 சதவீத மீட்பில் 1,200 ஆகிவிடும், சவ்வின் மேலேயே படிகம் வளரும், சவ்வு அடைத்துப்போகும். பொதுவாக நம் சமையலறை ஆர்.ஓ. ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சிங்க்கில் கொட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பயம்தான். படிகம் வளர நேரம் கொடுக்காமல் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது.

2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த வீணடிப்பைக் கையில் எடுத்தது. கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீத நீரை மீட்கவும் விதி கொண்டுவரச் சொன்னது. 60 சதவீதம் என்று எழுதுவது எளிது. அந்த அளவுக்குச் செறிவான நீரில் படிகத்தை யார் தடுப்பது? அங்கேதான் லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஆன்டிஸ்கேலன்ட் தேவைப்படுகிறது. சாயக் கழிவுநீர் தொடர்பான வழக்கில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை கண்டிப்பாக அமலுக்கு வந்தது. அப்படிப்பட்ட சுத்திகரிப்பில் ஆர்.ஓ.வைக் கடைசி வரை பிழிந்தாக வேண்டும். அங்கே மிச்சப்படும் ஒவ்வொரு லிட்டரும் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டிய செலவில் மிச்சம்.

வீட்டு ஆர்.ஓ.வுக்குச் சர்வீஸ் ஆட்கள் போட்டுவிட்டுப் போகும் கண்ணாடிக் குண்டு மாதிரியான 'ஆன்டிஸ்கேலன்ட் பால்ஸ்' கூட இதே தத்துவம்தான். அவை பெரும்பாலும் மெதுவாகக் கரையும் பாலிபாஸ்பேட். குளிர்ந்த நீரில் சரிதான். சூடான நீரில் அந்தச் சங்கிலி துண்டுதுண்டாக உடைந்து வெறும் பாஸ்பேட் ஆகிவிடும், பிறகு அதுவே கால்சியத்தோடு சேர்ந்து படியும். கீசருக்கு முன்னால் அதைப் பொருத்தச் சொல்பவரை இரண்டு கேள்வி கேட்கலாம்.

இன்னொரு சிக்கல், எதிரெதிர் சுமை. முன்கட்டச் சுத்திகரிப்பில் பாசிடிவ் பாலிமர் போட்டுவிட்டு, அடுத்து நெகடிவ் ஆன்டிஸ்கேலன்ட் செலுத்தினால் இரண்டும் கட்டிப்பிடித்துப் பிசின் போலாகிச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அது பாலிமரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 'கொஞ்சம் கூடப் போடுவோம், நல்லதுதானே' என்பதும் நடக்காது. மிகக் கடினமான நீரில் அளவு மீறினால் கால்சியமும் பாலிமரும் சேர்ந்து தாமே வழுவழுப்பாகப் படிந்துவிடும்.

பாஸ்பேட் போய் பாலிமர் வந்தது சரிதானா?

பல பத்தாண்டுகள் சலவைப் பவுடர்களில் பாஸ்பேட்தான் இந்த வேலையைச் செய்தது. அது ஏரிக்குப் போனால் பாசிக்கு உரம். பாசி பெருகிச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் முதல் வீட்டுச் சலவைப் பொருட்களிலும், 2017 முதல் பாத்திரம் கழுவும் இயந்திரப் பொருட்களிலும் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த இடத்தை ஜியோலைட்டும் பாலிகார்பாக்சிலேட்டும் பிடித்தன. (பெங்களூரு ஏரி நுரையைப் பார்த்து 'பாஸ்பேட் நுரை' என்பவர்கள் உண்டு. நுரை எழுப்புவது சர்ஃபாக்டன்ட், அது வேறு கதை.)

ஆனால் பாலிஅக்ரிலேட்டுக்கும் ஒரு குறை இருக்கிறது. உரமாகாது, சரி. மக்கவும் லேசில் மக்காது. அதன் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு, நுண்ணுயிர்கள் கடித்துத் துண்டாக்கச் சிரமப்படும். சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது. நீரிலிருந்து போனது மண்ணுக்கு வந்தது, அவ்வளவே. இதை 'பச்சை' என்று விளம்பரம் செய்வது எனக்கு உறுத்துகிறது.

மாற்று, பாலிஅஸ்பார்டேட். அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தைக் கோத்த சங்கிலி, புரதம் போன்ற பிணைப்பு, நுண்ணுயிர் உடைத்துவிடும். அமெரிக்காவில் டோன்லார் என்ற நிறுவனம் இதைத் தயாரிக்கும் முறைக்காக 1996-ல் பசுமை வேதியியலுக்கான அதிபர் விருது பெற்றது. பிறகும் உலகம் முழுக்க மலிவான அக்ரிலேட்தான் ஓடுகிறது.

அஸ்பார்டிக் அமிலம் என்ற யோசனை ஆய்வகத்தில் பிறந்தது அல்ல, சிப்பிக்குள் இருந்ததுதான். சிப்பி ஓட்டில் உள்ள கரையும் புரதங்களில் இந்த அமிலம் மிக அதிகம் என்பது 1970-களில் தெரிந்தது. சிப்பி ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பொருள், கால்சியம் கார்பனேட் படிகம் தொடங்குவதையும் வளர்வதையும் தடுக்கிறது என்று 1981-ல் வீலரும் சகாக்களும் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். ஓடு கட்டும் உயிருக்கு எதற்குத் தடுப்பான்? எங்கே வளரக் கூடாது என்று சொல்லத் தெரிந்தால்தான் எங்கே, எந்த வடிவத்தில் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும்.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடு. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரே பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட் படியும் அளவைத் தாண்டிய செறிவில்தான் இருக்கிறது. அப்படியும் எல்லோருக்கும் கல் வருவதில்லை. சிட்ரேட்டும், ஆஸ்டியோபான்டின் மாதிரி நெகடிவ் சுமை நிறைந்த புரதங்களும் படிகத்தின் படிகளில் போய் உட்கார்ந்து, கல்லாகுமுன் சிறுநீர் வெளியேற அவகாசம் கொடுக்கின்றன. கீசரில் நடக்கும் அதே பேரம். அதனால்தான் டாக்டர்கள் 'நிறையத் தண்ணி குடிங்க' என்கிறார்கள், செறிவு குறைந்தால் பேரம் எளிது. கடின நீர் குடித்தால் கல் வரும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் உறுதியான ஆதரவு இல்லை.

விற்க வருபவரிடம் என்ன கேட்பது?

டிடிஎஸ் மீட்டரை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அது தண்ணீரின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. ஆன்டிஸ்கேலன்ட் போட்டாலும் அந்த எண் மாறாது. சாஃப்ட்னர் வைத்தாலும் கால்சியம் போய் சோடியம் வருவதால் பெரிதாக இறங்காது. சாஃப்ட்னரைச் சோதிக்க வேண்டியது கடினத்தன்மை கிட்டில். ஆன்டிஸ்கேலன்ட்டைச் சோதிக்க வேண்டியது காயிலில்.

உங்களுக்கு வேண்டியது சோப்பு நுரைப்பதும் முடி பிசுபிசுக்காமல் இருப்பதும் என்றால் பாலிமர் உதவாது, சாஃப்ட்னர்தான். கீசரும் வாஷிங் மெஷினும் பிழைத்தால் போதும் என்றால் பாலிமர் மலிவு, உப்புக் கழிவுநீரும் கிடையாது. கரைசலில் என்ன பாலிமர், பாலிபாஸ்பேட்டா அக்ரிலேட்டா, எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். நீரில் இரும்பு எவ்வளவு என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். சமையலறை லைனிலும் கலக்கிறது என்றால், குடிநீரில் சேர்க்கும் வேதிப்பொருட்களுக்கான என்.எஸ்.எஃப். 60 சான்று கட்டாயம் இருக்க வேண்டும். இதே வேலையைச் செய்வதாகச் சொல்லிக் குழாயில் மாட்டும் காந்தங்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றின் சோதனை முடிவுகள் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி வந்திருக்கின்றன. என் பணத்தை நான் அதில் போட மாட்டேன்.

எங்கள் சங்கம் பம்பைக் கழற்றவில்லை, ஆறு மாதம் பார்ப்போம் என்று பொருளாளர் அங்கிளே சொல்லிவிட்டார். போன வாரம் இரண்டு வீட்டில் புதுக் காயில்களை வெளியே எடுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டுக் காயிலில் மாவு பூசின மாதிரி ஒரு படலம், துணியால் துடைத்ததும் வந்துவிட்டது. மூன்றாவது மாடியில் கீசரை இரவு பகலாக ஆன் செய்தே வைத்திருக்கும் வீட்டில், பழையபடி ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது.